ஒரு சாண்

பட்டறையில் லோரிக்கு ஒரு குற்றமும் இல்லை.
மீட்டர் முள் அசையாமல் நிற்கிறது,
ஃபியூஸ் எல்லாம் புதுசு.
குணாளன் பொய் சொல்கிறான் என்றார் தவுக்கே,
இரண்டு நடைக்கூலியைப் பிடித்துக்கொண்டு.

அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.
பினாங்குப் பாலத்தின் நடுமேட்டில்
இரும்பு இணைப்பொன்றில் சக்கரம் தடக்கென,
விளக்கு, இஞ்சின், எல்லாம் செத்தது.
பின்னால் ஹாரன். கீழே கடல்.
'பாத்தீங்களா?' என்றான்,
கிட்டத்தட்ட சந்தோஷமாக.

கேபினைச் சாய்த்து
வயர்க்கட்டை விரல் விரலாக மடக்கிப் போனேன்.
ஸ்டார்ட்டருக்குப் பின்னால் எர்த் வயர்:
மேல்தோல் பளபளப்பு,
கீறினால் செம்பெல்லாம் பச்சை மாவு.
அழுத்தினேன், விளக்கு வந்தது.
விட்டேன், போனது.

வெட்டியெடுத்த ஒரு சாண் துண்டை
நான் வீசப் போக,
கேட்டு வாங்கிச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்,
டீசல் ரசீதுகளோடு.