முதல் மாற்று

மாநாடு என்றால் எனக்கு லாரிதான்.
லாரி, கொடி, பிரியாணிப் பொட்டலம்,
நாங்குநேரி விலக்குவரை கட்டிய குழாய் ஒலிபெருக்கி.
போகிறவர்கள் போவார்கள்.
எங்கள் வீட்டில் சன்னலைச் சாத்துவோம்.

இங்கே, மினசோட்டாவில், ராச்செஸ்டரில்,
பிப்ரவரிச் செவ்வாய், மைனஸ் பத்தொன்பது,
நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம்.
வாசலில் ஒரு தாள்.
இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன்,
இந்த நாட்டுக் குடிமகள்,
இந்தக் கட்சியின் பக்கம் சாய்கிறேன் என்று
கையெழுத்துப் போட்டால் உள்ளே விடுவார்கள்.
சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்க வாய் வந்தது.
பின்னால் வரிசை நின்றதால் விட்டுவிட்டேன்.

நான் வந்தது பேருந்துக்காக.
ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு அது வராது.
ரத்த வங்கியில் ஆறு மணிக்கு ஷிப்ட்;
ஒரே காரை குருசாமி எடுத்துப்போய்விடுவார்;
நாற்பத்தைந்து நிமிடம் பனியில் நடை.
இதை எழுதி ஒருவரிடம் நீட்டினேன்.
"தீர்மானம்" என்றார் அவர், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
குமுறலாகக் கொண்டுவந்தது தீர்மானம் ஆகிவிட்டது.

பிறகு நடக்கச் சொன்னார்கள். நிஜமாகவே.
நாற்பத்திரண்டு பேர், ஆறு பிரதிநிதிகள்,
ஏழு பேர் சேர்ந்தால் ஓர் இடம்.
ஏரித்தண்ணீர்க்காரர்கள் பால் இயந்திரத்தருகே,
பள்ளி நர்சுக்காரர்கள் குப்பைத்தொட்டியருகே,
என் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் தூணருகே.
ஆர்லிஸ் வந்தாள். ஓய்வுபெற்ற ஓட்டுநர் வெர்ன் வந்தார்.
இன்னும் மூவர்.
ஆறு.

குருசாமி எழுந்தே விட்டார்.
பச்சை அட்டைக்காரர், பார்வையாளர் பெஞ்சு.
ஏழாவது ஆளாக ஒரு உடம்பு கண்ணெதிரே நிற்கிறது,
அதை எண்ண முடியாது.
உட்காருங்கள் என்று நான்தான் சைகை காட்டினேன்.
அன்றைய இரவில் எனக்கு ஆகாதது அது ஒன்றுதான்.

மூலை மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்
தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"அக்டோபரில் எனக்குப் பதினெட்டு. செல்லுமா?"
தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
செல்லும்.
ஹோதான் பென்சிலோடு வந்து நின்றாள்.

ஏழு பேரில் வெர்னுக்கு மூன்று, எனக்கு மூன்று.
ஹோதான் வெற்றுச் சீட்டுப் போட்டாள்,
இருவரையும் தனக்குத் தெரியாதாம்.
நியாயம்.
அதனால் ஆர்லிஸின் கம்பளித் தொப்பிக்குள் இரண்டு பெயர்கள்.
உத்திரமேரூர்க் குடவோலையை
ஐந்து மார்க்குக்கு நெட்டுருப் போட்டவள் நான்.
தொப்பி வெர்ன் என்றது.
நான் 'முதல் மாற்று'.
காரில் வரும்போது குருசாமி கேட்டார்:
"மாற்று என்றால்? பத்தரை மாற்றா?"

ஏப்ரல் மாநாட்டில்
மாற்றுகளுக்கு மஞ்சள் நாடாவுக்கு அப்பால் இரும்பு நாற்காலி.
வெர்ன் நாடாவுக்கு உள்ளே, எனக்குக் கையாட்டிக்கொண்டு.
பதினொன்றே காலுக்கு அவர் தொலைபேசி அடித்தது.
பனி உருகி, மோட்டார் நின்று,
வீட்டின் அடித்தளத்தில் முழங்கால் தண்ணீர்.
ஓடும்போதே கழுத்து அட்டையைக் கழற்றி
என்மேல் எறிந்தார்.

"ஷென்பா... ஷெம்பக்..." ஒலிபெருக்கி திணறியது.
"செண்பகவடிவு" என்றேன்.
நாடாவைத் தாண்டினேன்.
முப்பத்தொன்றாம் தீர்மானம் வருவதற்குள்
நேரம் முடிந்ததென்று கோட்டுகளை மாட்டினார்கள்;
பத்து நிமிடம் நீட்டிக்கக் கேட்டது யார் குரல் என்று
திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. நடந்தேன்.
வெர்ன் வீட்டு வாசலில் குழாய் வழியே
அடித்தளம் இன்னும் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.
"கிடைத்ததா?" என்று கத்தினார்.
"நிறைவேறியது."
"பேருந்து எப்போது?"
"இனி மாநில மாநாட்டுக்குப் போகணுமாம்.
அதற்கும் பிரதிநிதி வேண்டுமாம்."
"பெயர் கொடுத்தாயா?"

ஆறு அடிக்க எட்டு நிமிடம்.
அவருடைய தண்ணீரைத் தாண்டிக் குதித்து,
குதித்தபடியே
தலையாட்டினேன்.