நாலே முக்கால் அடி

டயர் கடை டெல்பர்ட் வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு காப்பிக் குவளை வைத்தார்.
இன்னும் இரண்டு ஷட்டர்,
பதினோரு கார் நிற்க இடம்.

வேலிக்கும் சுவருக்கும் பத்தடி வேண்டுமாம்.
நாலே முக்கால் குறைகிறது என்றாள் தலைவி மாரிட்.
வெளியே விஸ்கான்சின் பனி.

பக்கத்து வீட்டு பெர்னெட்டா எழுந்தாள்.
சத்தத்தைப் பற்றித்தான் என்று நினைத்தோம்.
"மூணு மணிக்கு என் சமையலறை மேஜைக்கு
வெயில் வரும்.
ஜனவரியில் வேறு யாரும் வர்றதில்லை."

வெயிலுக்கு விதியில் பிரிவு இல்லை.
குறிப்பெழுதும் நான்
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
குவளைகளை எடுத்ததும்
வரைபடம் தானே சுருண்டுகொண்டது.
"பிப்ரவரியில் வெயில் கொஞ்சம் மேலே ஏறிடும்"
என்றார் டெல்பர்ட், யாரையும் பார்க்காமல்.

அதையும் எழுதினேன்.