கரடி வீட்டு வேவு

மூன்றாம் மெய்ப்பில், எழுபத்திரண்டாம் பக்கம்:

"கலியாணம் கழிந்து நாலாம் நாள்
கரடி வீட்டுக்கு வேவு வந்தது.
வேவைக் கண்டதும்
கரடி வாசற்படியில் உட்கார்ந்து அழுதது."

இவ்வளவுதான்.
அடுத்த வரியில் பனி பெய்யத் தொடங்கிவிடுகிறது.

ஒற்றன் வந்தால் கரடி ஏன் அழ வேண்டும்?
அடிக்கலாம். கடிக்கலாம்.
போனால் போகிறதென்று கதவையாவது சாத்தலாம்.

பழைய பதிப்பில் யாரோ ஒரு புலவர்
வேவு: ஒற்று, உளவு
என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.
ஆறாம் வகுப்பில் அதை நம்பியவள் நான்.
தூத்துக்குடியில், உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்,
கரடியின் அடுப்புக்குப் பின்னால்
கறுப்புத் துணி போர்த்திய ஒருவனை
வரைந்தும் காட்டியிருக்கிறேன்.
பத்துக்கு ஏழு.

மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையில் இல்லை.
உள்ளே பொடி எழுத்தில் மட்டும்:
சித. சிகப்பி, பள்ளத்தூர்.
கடல் உறைந்துபோகும் நாட்டின் கதை அது.
இங்கிலீஷ் வழியாக அவளிடம் வந்திருக்கிறது.
அந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு மாதம் தேடி
செல்போனில் பக்கம் பக்கமாக வரவழைத்தேன்.
அங்கே இருந்தது வெறும் பொட்டலம்.
பொட்டலத்தைப் பார்த்து அழும் கரடி
இன்னும் மோசம்.

மூலமொழி தெரிந்த ஒருவருக்கு எழுதினேன்.
இரண்டு வாரம் கழித்துப் பதில்:
எங்கள் அகராதியிலும் அந்தச் சொல்
கேள்விக்குறியோடுதான் நிற்கிறது,
ஏதோ தின்பதற்கானது, அல்லது ஏதோ கடன்.

அச்சகத்துத் திருமேனிக்குப் பொறுமை போய்விட்டது.
"உளவுன்னே இருக்கட்டுங்கக்கா,
வியாழக்கிழமை தாள் வருது.
கரடி அழுதா என்ன, சிரிச்சா என்ன."

சனிக்கிழமை காரைக்குடியில் திடீர் மழை.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய சாமான் கடை ஒன்றில் ஒதுங்கினேன்.
கால் இல்லாத நாற்காலி, பீங்கான் ஜாடி,
யாரோ ஒருவருடைய கலியாணப் படம்.
சீனி முகமது ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்:
"வேவுக் கடகாம் நாலு கிடக்கு. மூடியோட ரெண்டு."

ஃபோனை வைக்கும்வரை
என் குடை அவன் தரையில் சொட்டியது.

"அதுவா? செட்டியார் வீட்டுக் கலியாணத்துல
பொண்ணு வீட்டுலேர்ந்து சம்பந்தி வீட்டுக்கு
அரிசி, பருப்பு, கத்திரிக்கால்லாம் போகும்ல.
அதான் வேவு.
எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்,
நான் எடைக்கு எடுக்குறவன்."

அரிசி. பருப்பு. கத்தரிக்காய்.

மகளைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு
விறகுவெட்டி வீட்டிலிருந்து சாமான் வந்திருக்கிறது.
ஈட்டி வரும், நாய் வரும் என்று
நாலு நாளாகத் தூங்காமல் இருந்திருக்கும் கரடி.
வந்தது சம்பந்தி முறை.
அழாமல் என்ன செய்யும்?

சிகப்பி, பள்ளத்தூரில் எந்த அறையில்,
எந்த மாதத்தில், மை தொட்டு
பொட்டலத்தை அடித்துவிட்டு இதை எழுதினாய்?
உனக்கு வந்ததா?
வராமல் போனதா?

பிறகு, மழை விடும்போது, இன்னொன்றும் தோன்றியது.
சாமான் சுமந்துபோனவன்
சும்மாவா திரும்பியிருப்பான்?
அடுப்பு எரிகிறதா,
அவள் கையில் நகக்கீறல் உண்டா,
தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாளா,
எல்லாம் பார்த்துத்தானே வந்திருப்பான்.
தாய்க்காரி வேறெதற்கு அனுப்புவாள்?
புலவரே,
உங்களையும் முழுசாக அடிக்க முடியவில்லை.

மூடி இல்லாத கடகாம் ஒன்றை
நானூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
கோட்டையூர் பஸ்ஸில் மடியில் அது.
திருமேனி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்,
அடிக்குறிப்பில் என்ன போட என்று.

நடத்துனர் குனிந்து உள்ளே பார்த்தார்.
"என்னம்மா, காலியாவா கொண்டு போறே?"
பதில் சொல்வதற்குள்
லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.