ஆயிரம் வாட்

துண்டறிக்கையில் ஆயிரம் வாட் என்று இருந்தது.
அதன் கீழே, எறும்பு எழுத்தில்:
நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் காற்றில்.
பணம் கட்டிய பிறகுதான் கண்ணாடியைத் தேடினேன்.

தாழங்குடாவில்,
பெண்ணையாறு கடலில் விழ ஒரு கூப்பிடு தூரம் இருக்கையில்
என் கடை.
ஃபைபர் போட்டுகளின் ஜிபிஎஸ், எக்கோசவுண்டர், வாக்கிடாக்கி
எல்லாம் இங்கேதான் வரும்.
உப்பு தின்ற போர்டுகளைப்
பழைய பல்குச்சியும் ஸ்பிரிட்டும் கொண்டு கழுவி எடுப்பேன்.
சால்டரிங் அயர்ன் சூடேறும் நேரம் பார்த்துக்
கரண்டு போகும்.

அதனால்தான் கடைக்குப் பின்னால் நாற்பதடிக் குழாய்.
நாலு பக்கமும் இழுகம்பி, அடியில் கீல்,
உச்சியில் மூன்று இறக்கை, ஒரு வால்.

முதல் மாதம் நோட்டுப் போட்டுக் காற்றை எழுதினேன்.
பதினோரு மணிவரை ஒன்றுமில்லை.
பிறகு கொண்டல், கடலிலிருந்து, ஈரக் கையோடு.
ஐந்து மீட்டர். எழுபது வாட்.
காற்று பாதியானால் கரண்டு பாதியாகாது,
எட்டில் ஒன்றாகிவிடும்.
பாலிடெக்னிக்கில் படித்ததுதான்,
வாங்கும்போது ஞாபகம் வரவில்லை.

ஆனியில் கச்சான்,
முந்திரித்தோப்பின் சூட்டையெல்லாம் சுமந்துகொண்டு.
அதுவும் கொண்டலும் முட்டிக்கொள்ளும் மதிய அரைமணியில்
வால் இப்படியும் அப்படியும் திரும்பித் தவிக்கும்
அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்பவன் மாதிரி.

அடுத்த வீட்டு அஞ்சலாட்சிக்குச் சத்தம் ஆகவில்லை.
"ராவெல்லாம் யாரோ மொறத்துல பொடைக்கிறாப்ல இருக்குது.
ஒரு பிடி அரிசியாவது விழுதா?"
எழுபது வாட் விழுது, என்றேன்.
அவள் தலையில் அடித்துக்கொண்டது
எனக்கா அவளுக்கா தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள்,
காலையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு,
மாலைக்குள் எட்டு.
நேர் வடக்கிலிருந்து வாடை.
ஒன்பது, பத்து, பதினொன்றரை.
வாட் மீட்டரில் முதன்முதலாக நாலு இலக்கம்:
1004.
துண்டறிக்கை பொய் சொல்லவில்லை.
அவர்கள் சொன்ன காற்று எங்கள் ஊருக்கும் வருகிறது,
கூண்டோடுதான் வருகிறது.

நாலு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அதற்கு மேல் பார்ப்பது திமிர்.

மூன்று கம்பிகளையும் சேர்த்துப் பிரேக் போட்டேன்.
இறக்கைகள் முனகிக்கொண்டு மெதுவாயின.
கரையேற்றிய போட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த
சம்மந்தமும் தனவேலும் அவர்கள் கூட்டமும்
அதே கயிற்றோடு ஓடி வந்தார்கள்.
"விடு... விடு... பிடி! பிடிடா!"
கீல் கிரீச்சிட்டது.
நாற்பதடி, மணலில் படுத்தது,
கவிழ்த்த போட்டுகளோடு ஒரு போட்டாக.
இறக்கைகளை வலைக்கயிற்றால் கட்டினோம்.

கூரையில் காற்றளக்கும் கிண்ணம் மட்டும் நின்று
சுற்றிச் சுற்றி எண்ணியது
நான் விட்டுவிட்ட காற்றையெல்லாம்.
இருபத்தாறு வரை எண்ணிவிட்டுப் பறந்து போனது.

ஆறு நாள் ஊரில் கரண்டு இல்லை.
பேட்டரியில் இருந்ததைச் சொட்டுச் சொட்டாய்ப் பிரித்தேன்:
ஆளுக்கு இருபது நிமிடம், டார்ச் கிடையாது,
பாட்டு கேட்கிறவன் வெளியே.
அஞ்சலாட்சி மூன்று போனோடு வந்தாள்.
ஒன்று மங்களூரில் ட்ராலரில் இருக்கும் மகனுக்காம்.
"ஒண்ணும் ஆவல, வீடு நிக்குது, நீ சாப்ட்டியா"
என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.
மற்ற இரண்டும் எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் குழாயை நிமிர்த்தினோம்.
ஒரு இறக்கை முனையில் விரலளவு பிளவு.
அரால்டைட் வைத்து, காயக் காத்திருந்து,
பிரேக்கை எடுத்தேன்.

கொண்டல் வந்தது. பலமாக இல்லை.
ஒரு சுற்று. யோசித்து, இன்னொரு சுற்று.
முப்பது வாட். நாற்பது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:
"ஆரம்பிச்சிட்டாளா."