இடது கணுக்கால், பெங்கெல்லி

சனிக்கிழமை எல்லோருக்கும் கட்டி முடித்தபின்
கடைசியாக வருவான்.
மேஜைமேல் ஏறி இடது காலை நீட்டுவான்.
நான் டேப்பைக் கிழிப்பேன்.
எட்டு வருடமாக இதுதான் எங்கள் உரையாடல்.

வேட் பெங்கெல்லி. உயரம் ஐந்தடி ஏழு,
தடித்த காலுறையோடு அளந்தால்.
வாலரூ துறையில் கப்பலுக்கு
பார்லி ஏற்றுகிறவன்.
குளித்த பிறகும் காது மடலில்
உமித்தூசி இருக்கும்.

ஒரு காலத்தில் கோல் அடித்தான்.
நெட்டையர்கள் எம்பி மோதி விழுகிற இடத்தில்
கீழே சிதறும் பந்தைக்
கோழி தானியம் கொத்துவதுபோல் எடுத்து
நிமிராமலே உதைப்பான்.
ஒரு பருவத்தில் நாற்பத்தொன்று.
பிறகு இருபது. பிறகு ஆறு.
பிறகு இரண்டாம் அணி,
காலைப் பனியில் ஆட்டம்,
பார்க்க மூன்று கார், ஒரு நாய்.

"கால் போயிடுச்சு" என்றார்கள் மதுக்கூடத்தில்.
அந்தக் கால் வாராவாரம் என் கையில் இருந்தது.
போகவில்லை.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூன், மூன்றாவது வாரம்.
பின்மூலை காக்கும் ட்ரெலோர் பையனுக்குக்
காறை எலும்பு உடைந்திருந்தது.
மாற்று ஆள் அக்கா கல்யாணத்துக்கு
பாலித் தீவு போயிருந்தான்.
கோச் ரண்டில் பலகையைப் பார்த்தார்,
கூரையைப் பார்த்தார்,
வேறு வழியில்லாமல் இவனைப் பார்த்தார்.
"பின்னால போ.
அந்தச் சின்னப் பயலைப் பிடிச்சுக்கோ, போதும்."

சின்னப் பயல் பத்தே ஆட்டத்தில்
முப்பது கோல் அடித்திருந்தான்.
வெள்ளை பூட்ஸ். பிடரியில் வெளுத்த முடி.

பாம்பின் கால் பாம்பறியும்.
தோளை இடப்பக்கம் சாய்த்தால்
வலப்பக்கம் ஓடப்போகிறான் என்பது
அதே பொய்யைப் பத்து வருடம் சொன்னவனுக்குத்
தெரியாதா?
பயல் வரப்போகிற இடத்தில்
இவன் ஏற்கெனவே நின்றிருந்தான்,
பேருந்துக்குக் காத்திருப்பவன்போல.

முதல் பாதியில் பயலுக்குப் பந்து மூன்று முறை.
மூன்றாவது கால்பகுதியில்
அவன் நடுவரிடம் முறையிடத் தொடங்கினான்.
பெங்கெல்லி வாய் திறக்கவில்லை.
செருப்புக்குள் புகுந்த பரல்போல
சும்மா அங்கே இருந்தான்.

எண் குறிக்கும் ஜோன் வார்மிங்டன்
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
உதைக்குக் கட்டம் உண்டு, பிடிக்கு உண்டு,
கோலுக்கு உண்டு.
நடக்காமல் போனதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கடைசி நிமிடங்கள். வளைகுடாக் காற்று.
முட்டைப் பந்து தரையில் பட்டுக்
குடித்தவன்போல் ஒருமுறை தெற்கே,
ஒருமுறை மேற்கே, பிறகு நேராகக்
கம்பங்களுக்கு நடுவில்.
பயல் ஓரடி முன்னால்; காலை ஓங்கிவிட்டான்.
பெங்கெல்லி பாய்ந்தான்.
பிடிக்கவில்லை, அடிக்கவில்லை.
பூட்ஸை விட்டுக் கிளம்பிய பந்தில்
ஒரு விரல் பட்டது.

நடுவர் ஒற்றைக் கொடியை அசைத்தார்.
ஆறு போக வேண்டிய இடத்தில் ஒன்று.
எதிர்க்கூட்டம் அந்த ஒன்றுக்குக் கை தட்டியது.
எங்கள் பக்கம் ஒருவர்
"ஏன்டா விட்டே!" என்று கத்தினார்.
ஒன்றைக் கொடுத்து ஐந்தை மிச்சம் பிடித்தவன்
புல்லில் கிடந்தபடி
வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.
எட்டு வருடத்தில் அந்தப் பற்களை
அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.
முன்பல்லில் ஒரு மூலை இல்லை.

ஆட்டம் என்னவோ தோல்விதான், பதினொரு புள்ளியில்.

அடுத்த வாரமும் பின்மூலை. அதற்கடுத்தும்.
ட்ரெலோர் பையன் எலும்பு கூடி வந்து
பெஞ்சில் உட்கார்ந்தான்.
ஆகஸ்டுக்குள் ஏழு ஊர்ச் சின்னப் பயல்கள்
எங்கள் மைதானத்துக்கு வந்து
வெறும் பையோடு வீடு திரும்பினார்கள்.
உள்ளூர்ப் பத்திரிகை நன்றாக ஆடியோர் பட்டியலில்
ஆறாவதாகப் போட்டது: பெங்கலி.
அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப்
பேனாவால் திருத்தினேன்.
வேறு யாரோ என் திருத்தத்தின்மேல்
பீர் கிளாஸ் வட்டம் பதித்திருந்தார்கள்.

இப்போதும் கடைசியாகத்தான் வருகிறான்.
மேஜைமேல் ஏறுகிறான்.
இடது காலை நீட்டியபின்
வீங்கிய நடுவிரலையும் நீட்டுகிறான்.
உரையாடலில் ஒரு சொல் கூடியிருக்கிறது:

"இதையும்."