நூற்றுப் பதினேழாம் பகுதியின் அழுகை

கிலிஃபியில் கடல் பார்த்த வாடகை பங்களா.
தொடரில் அது மொம்பாசாக் கோடீசுவரன் வீடு.
மாடிப்படிக்கு மட்டும் வெள்ளையடித்திருக்கிறோம்;
மற்ற பக்கம் கேமரா திரும்பாது.

என் வேலை கேட்பது.
செத்த பூனையைக் கம்பில் குத்தியதுபோல்
மயிரடர்ந்த மைக்கைத் தூக்கிக்கொண்டு
காதலர் தலைக்கு மேல் நிற்பேன்.
ஒவ்வோர் அறையிலும் முப்பது விநாடி
எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி
வெறும் அறையைப் பதிவேன்:
ஃப்ரிட்ஜ், காற்று, தூரத்து ஜெனரேட்டர்,
யாரோ ஒருவரின் அடைத்த மூக்கு.

நாடே காத்திருந்த முத்தத்தில் எனக்குக் கேட்டது
கதாநாயகன் வயிற்றில் மதிய உகாலி புரண்டது.

மபேயு, தொடரில் சுலேகா,
அன்று உடை மாற்றாமல் கழிவறைக்குப் போனாள்.
நெஞ்சில் ஒட்டிய மைக்கை மறந்திருந்தாள்.
நான் மறக்கவில்லை.
காதிலிருந்து கழற்றவுமில்லை.

முதலில் குழாய்.
பிறகு போனில், கிரியாமா மொழியில்,
யாரிடமோ எண்களாகவே பேசினாள்.
தேங்காய் வாங்கிப் பழகிய எனக்கு
அந்த மொழியில் எண்கள் மட்டும் தெரியும்.
அவள் சொல்லச் சொல்ல அவை பெருத்தன.
அப்புறம் ஒரு சத்தம்,
ஈரத்துணியை மெல்லக் கிழிப்பதுபோல.
ஒரு நிமிடம் பதினொரு விநாடி.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுவாரம் எடிட்டிங்கில் மரூபே மேசையைத் தட்டினார்:
"காதலன் கப்பலேறுகிறான், இவள் தும்முகிறாள்!
முகம் தேவலை. குரல்தான் செத்துக் கிடக்கிறது.
நேகேசா, உன்னிடம் எங்கேயாவது
நல்ல அழுகை இருக்கிறதா?"

இருந்தது.
கோப்புக்குப் பெயர்கூட வைத்திருந்தேன்:
கழிவறை, இரண்டு.
தேநீர் ஆடை கட்டும்வரை விரல் அதன்மேல் நின்றது.
"நாளைக்குத் தருகிறேன்" என்றேன்.

அன்றிரவு ம்த்வாபாவில், என் அறையில்,
மின்விசிறியை நிறுத்தி
பக்கத்து வீட்டுக்காரியிடம் கெஞ்சி ரேடியோவை அணைக்கவைத்து
போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.
அழுகை கூப்பிட்டால் வருவதில்லை.
வாடகையை நினைத்தேன்.
அப்பாவின் சாவை நினைத்தேன், வெட்கமில்லாமல்.
வரவில்லை.
பிறகு ஏனோ எல்டோரெட் பேருந்து நிலையம்.
மகோகா என் பையை ஏற்றிவிட்டு
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே
திரும்பி நடந்தானே,
அந்தச் சில்லறைச் சத்தம்.
அது போதுமாயிருந்தது.

வியாழக்கிழமை, எட்டரை மணி.
நெடுஞ்சாலைக் கடையில் சிப்ஸ் பொரிப்பவன்
கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு நின்றான்.
ஹெல்மெட் கழற்றாத பொடா பொடாப் பையன்கள்,
வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே.
திரையில் மபேயுவின் வாய் திறந்தது.
அதிலிருந்து நான் வந்தேன்.
மூக்கை உறிஞ்சும் இடத்தில் மட்டும் அரை விநாடி பிந்தினேன்;
யாரும் கவனிக்கவில்லை.
"பாவம் சுலேகா" என்று
மீன் விற்கும் பெண் லேசோ நுனியால் கண்ணைத் துடைத்தாள்.
"அவன் விளங்காமல் போக."
போகட்டும் என்றேன் நானும், சிப்ஸை மென்றபடி.
கிடாலேயிலோ எங்கோ மகோகாவும் பார்த்திருக்கலாம்.
எங்கேயோ கேட்ட குரலென்று
ஒரு கணம் தலையைத் திருப்பியிருக்கலாம்.
ஆனால் வியாழக்கிழமை அவனுக்குக் கால்பந்து.

மறுநாள் மைக் பொருத்தும்போது மபேயு கேட்டாள்:
"நேற்று வந்தது என் குரல் இல்லையே?"
"இல்லை."
என் முகத்தைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
கழிவறை இரண்டை என்ன செய்தேன் என்று
நானும் சொல்லவில்லை.

மதிய இடைவேளையில்
சட்டைக்குள் கைவிட்டுப் பொத்தானைத் தேடி
அவளே அணைத்தாள்.
'டக்'கென்று ஒரு சத்தம் என் காதில்.
அதன் பிறகு அவள் நடப்பதை
கண்ணால் மட்டும் பார்த்தேன்.