பதினான்கு, பதினான்கு, பதின்மூன்று

புதன்கிழமை, இரவு ஏழு மணி.
செவ்வாய்ப்பேட்டை ஆலயத்தின் பின்கட்டில்
ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பக்கத்துப் பட்டறையில் கொலுசுக்குத் திருகு வைக்கிறார்கள்,
அந்தத் தட்டல் நிற்பதே இல்லை.

முதல் அதிகாரம், முதல் பதினேழு வசனம்.
"வெறும் பேர்ப்பட்டியல். தாண்டிவிட்டு
கனவு வருகிற இடத்தில் ஆரம்பிக்கலாம்" என்றான்
உருக்காலையில் கிரேன் ஓட்டும் ஞானதீபன்.
என்னால் தாண்ட முடியவில்லை.
தாலுகா அலுவலகத்தில்
வாரிசுச் சான்று மேசை
பதினோரு வருடமாக என்னுடையது.
பேர்ப்பட்டியல்தான் நான் ஒழுங்காகப் படித்த ஒரே இலக்கியம்.

எழுதியவர் ஆயம் வசூலித்தவர் என்பது மரபு.
அவரில்லை, பேர் தெரியாத வேறொருவர் என்கிறது
ஜோஸ்லின் இரவல் வாங்கி வந்த விளக்கவுரை.
யாரானாலும் எங்கள் துறையின் வாசனை அடிக்கிறது:
மூன்று கட்டு, கட்டுக்குப் பதினான்கு தலைமுறை,
அடியில் கூட்டுத்தொகை.

கூட்டிப் பார்த்தேன், பழக்கம்.
முதல் கட்டு சரி.
இரண்டாவதில் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே
மூன்று ராஜாக்களைக் காணவில்லை.
மூன்றாவதை விரல்விட்டு இரண்டு முறை எண்ணினேன்,
பதின்மூன்றுதான் வந்தது.

"தாவீது என்று எபிரெயத்தில் எழுதி
எழுத்துக்குரிய எண்ணைக் கூட்டினால் பதினான்கு.
நாலு, ஆறு, நாலு" என்று வாசித்தாள் ஜோஸ்லின்.
"அப்போ இது கணக்கு இல்லை, கையெழுத்து" என்றான் ஞானதீபன்.
தட்டுவடை செட் வந்தது.
துருவிய பீட்ரூட் சிந்தி
உசியாவின்மேல் கறை.

நடுநடுவே பெண்கள்,
யாரும் கேட்காமல் இணைத்த ஆவணம் மாதிரி.
மாமனாரின் முத்திரை மோதிரத்தை
அடமானமாக வாங்கி வைத்தவள்.
எரிகோவின் மதில்மேல் குடியிருந்தவள்.
மோவாபிலிருந்து வந்து கதிர் பொறுக்கியவள்.
சாராள் இல்லை. ரெபெக்காள் இல்லை.
நாலாமவளுக்குப் பேரே இல்லை,
உரியாவின் மனைவி, அவ்வளவுதான்.
"மறந்துபோய் விடவில்லை,
தாவீது செய்ததை யாரும் மறக்கக் கூடாதென்று
செத்தவன் பேரை வைத்திருக்கிறார்" என்றாள் ஜோஸ்லின்.
இருக்கலாம்.
ஆனாலும் அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது.

கடைசியில் யோசேப்பு.
முப்பத்தொன்பது முறை பெற்றான் பெற்றான் என்று வந்த வினைச்சொல்
அவரிடம் வந்ததும் தயங்கி
மரியாளின் பக்கம் திரும்பிவிடுகிறது.
என் மேசைக்கு வந்திருந்தால்
'உறவுமுறை நிரூபிக்கப்படவில்லை' என்று
சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றை அப்படித்தான் திருப்பினேன்.
கன்னங்குறிச்சி. இறந்தவர் மாரப்பன், லாரி ஓட்டுநர்.
மனைவி, மகன் மூன்று, வயதோடு பேரோடு.
அதற்கும் கீழே வேறொரு கையெழுத்தில்
'இன்னொரு சம்சாரம், அதுக்கு ஒரு பொண்ணு'
என்று ஒரு வரி, ஒரு செல்போன் எண்.

வியாழன் காலை தபால் கட்டிலிருந்து அதை உருவினேன்.
சட்டப்படி மகளுக்கு இடம் உண்டு, அவளுக்கு இல்லை.
அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன்
பாதிக்குமேல் மேகத்துக்குள்.

"பேர் என்னங்கம்மா?"
"எம் பொண்ணு பேருங்களா?"
"அதையும் சொல்லுங்க. முதல்ல உங்க பேரு."
குக்கர் விசில் ஒன்று கேட்டது.
இன்னொன்று.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்:
பூவாயி.

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
தாசில்தார் அழிக்கச் சொன்னால் அழிப்பேன்.
கொஞ்சம் அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.